மின்னூல் திறக்கவில்லை என்று மாணவர் வந்து நின்றால்: கல்லூரி நூலகர்களுக்கு அறிகுறி வாரியாக

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரி நூலகங்களுக்கு மின்னூல் ஒன்றும் புதுசு இல்லை. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் 2010-இல் என்-லிஸ்ட் திட்டத்தைத் தொடங்கியது. சந்தா கட்டும் கல்லூரிகளுக்கு அதன் வழியாக லட்சக்கணக்கான மின்னூல்கள் கிடைக்கின்றன. இருந்தும் "நம்ம பசங்க இதையெல்லாம் எங்க படிக்கிறாங்க" என்ற பேச்சு நூலகர்கள் கூடும் இடங்களில் ஓய்ந்தபாடில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படிக்க மாட்டேன் என்று சொன்ன மாணவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு தடவை முயன்று, எங்கோ முட்டிக்கொண்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் விட்டுப்போனவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். இரண்டாவது தடவை வந்து கேட்கத் தயங்குவார்கள். அதனால் முதல் தடவையே சரிசெய்து கொடுத்துவிட வேண்டும்.

புகார் வந்ததும் நூலகக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து "எனக்கு வருதேப்பா" என்று சொல்லி அனுப்பாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் வருவது அவருக்கு எந்த உதவியும் இல்லை. அவருடைய போனில், அவர் கையாலேயே, முன்பு செய்ததை இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்கள். திரையில் வரும் வாசகத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

"லாகினே ஆகல சார்"

என்-லிஸ்டில் ஆளுக்கொரு ஐடி, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. நூலகர் பட்டியலை ஏற்றியதும் அவை மாணவரின் மின்னஞ்சலுக்குப் போகும். நம் பக்கத்தில் சிக்கல் தொடங்குவது அந்த மின்னஞ்சலில்தான். கல்லூரிச் சேர்க்கைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தபோது பிரவுசிங் சென்டரிலோ இ-சேவை மையத்திலோ யாரோ ஒருவர் உருவாக்கிக் கொடுத்த முகவரி அது. அதன் பாஸ்வேர்டு மாணவருக்கே தெரியாது. சேர்க்கைப் படிவத்தில் இருந்து அந்த முகவரியை எடுத்து அப்படியே ஏற்றினால், யாரும் திறக்காத பெட்டியில்தான் கடிதம் போய் விழும்.

ஒரு வகுப்பை மொத்தமாகப் பதிவு செய்யும் நாளில், ஒவ்வொருவரும் தம் போனில் ஜிமெயில் செயலியைத் திறந்து, வலது மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டு, அங்கே தெரியும் முகவரியைப் பார்த்து எழுதட்டும். நினைவில் இருந்து எழுதினால் புள்ளி விட்டுப்போகும், எண் மாறிப்போகும். கடிதம் வரவில்லை என்றால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். வந்த பாஸ்வேர்டை டைப் செய்ய வேண்டாம், காப்பி செய்து ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், போன வருஷம் வேலை செய்த ஐடி இந்த வருஷம் செய்யவில்லை என்றால், கல்லூரியின் சந்தா புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

இன்ஜினியரிங், மருத்துவம், வேளாண்மை, நர்சிங், பார்மசி கல்லூரிகள் என்-லிஸ்டில் வராது. அங்கே படிக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ ஐடி கேட்டு யாராவது வந்தால், அவர்கள் கல்லூரி நூலகத்தில் எந்தத் தொகுப்பு இருக்கிறது என்று விசாரித்து வழிகாட்டுங்கள். உங்கள் மாணவரின் ஐடியை அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

"லாகின் ஆயிடுச்சு, ஆனா புத்தகம் காசு கேக்குது"

இதற்கு நூலகர் தரப்பில் அடிக்கடி கிடைக்கும் பதில், "அப்ப அந்தப் புத்தகம் நமக்கு இல்லப்பா" என்பது. அவசரப்பட வேண்டாம். மாணவர் என்-லிஸ்டில் நுழைந்துவிட்டு, புத்தகத்தை கூகுளில் தேடிப் பதிப்பகத்தின் தளத்துக்கு நேராகப் போயிருப்பார். அந்தத் தளத்துக்கு இவர் யார், எந்தக் கல்லூரி என்று தெரியாது, விலையைக் காட்டுகிறது. என்-லிஸ்ட் பக்கத்தில் உள்ள பதிப்பகப் பட்டியல் வழியாகப் போகவேண்டும். இல்லையென்றால் பதிப்பகத் தளத்திலேயே 'நிறுவனம் வழியாக உள்ளே செல்' என்ற பொருளில் இருக்கும் இணைப்பைத் தொட்டு, கல்லூரியின் பெயரைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

அதையும் செய்தாயிற்று, இன்னும் காசு கேட்கிறது என்றால், இணைப்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இன்ஸ்டாகிராம் போன்ற சில செயலிகள் இணைப்பைத் தமக்குள்ளேயே ஒரு குட்டிப் பிரவுசரில் திறக்கும். குரோமில் லாகின் செய்தது அதற்குத் தெரியாது. மூன்று புள்ளியைத் தொட்டு 'பிரவுசரில் திற' என்று கொடுத்தால் போதும். இன்னொரு பக்கம், ஆசிரியர் தம் திரையின் முகவரிப் பட்டையில் இருந்ததை அப்படியே காப்பி செய்து வகுப்புக் குழுவில் போட்டிருப்பார். பல தளங்களில் அந்த முகவரி அவருடைய அன்றைய லாகினோடு செத்துப்போகும். 10 என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண் (நூலுக்கோ அத்தியாயத்துக்கோ உள்ள மாறாத அடையாள எண்) உள்ள இணைப்பையோ, தளமே கொடுக்கும் நிரந்தர இணைப்பையோ அனுப்பும்படி ஆசிரியர்களிடம் சொல்லுங்கள்.

இவை எதிலும் சிக்கல் இல்லை என்று தெரிந்த பிறகுதான், அந்தப் புத்தகம் நம் தொகுப்பில் இல்லை என்ற முடிவுக்கு வரலாம். ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் ஆய்விதழ்களுக்கானது. அது வந்துவிட்டது, இனி புத்தகமும் அதிலேயே கிடைக்கும் என்று நம்பி மின்னூல் சந்தாவை நிறுத்திவிடாதீர்கள்.

"லைப்ரரியிலேயே உக்காந்து பாக்குறேன், அப்பவும் வரல"

இது ஐபி முகவரியை, அதாவது இன்டர்நெட்டில் கல்லூரி இணைப்புக்கு உள்ள எண்ணை, வைத்து அனுமதிக்கும் தொகுப்புகளில் வருவது. இன்ஜினியரிங் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நேரடியாக வாங்கும் தொகுப்புகள் பெரும்பாலும் இந்த வகை. மாணவர் நூலகத்துக்குள் இருப்பார், அவர் போன் மொபைல் டேட்டாவில் இருக்கும். கல்லூரி வைஃபையில் இணைந்தால் வந்துவிடும். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வைஃபையிலும் வரவில்லையா? 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, அங்கே வரும் எண்ணையும் பதிப்பகத்திடம் பதிவு செய்திருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இன்டர்நெட் நிறுவனத்தை மாற்றினாலோ, பழைய லைனை ஃபைபராக மாற்றினாலோ எண் மாறிவிடும். அலுவலகத்தில் யாரும் நூலகத்துக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பதிப்பகத்துக்குக் கொடுக்கும்போது 192.168 என்று தொடங்கும் எண்ணையோ 10 என்று தொடங்கும் எண்ணையோ கொடுக்காதீர்கள், அவை வளாகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும். ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களில் ஒன்றாக இருந்தால், உங்கள் நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். நிலையான ஐபி கேட்டு வாங்கவேண்டும். 'என் ஐபி' தளம் நீளமாக, எழுத்தும் எண்ணும் கலந்து ஒன்றைக் காட்டினால் அது ஐபி ஆறாம் பதிப்பு. பதிப்பகத்திடம் நான்காம் பதிப்பு எண் மட்டும் இருந்தால் கதவு திறக்காது. இரண்டையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஒருநாள் காலையில் கல்லூரியில் யாருக்குமே வரவில்லை என்றால், யாரோ ஒருவர் டவுன்லோட் மென்பொருள் வைத்து ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான அத்தியாயங்களை இறக்கியிருக்க வாய்ப்பு உண்டு. பதிப்பகம் அந்த ஐபியையே அடைத்துவிடும். என்-லிஸ்டாக இருந்தால் அந்த ஐடி முடங்கலாம். பதிப்பகத்துக்கு எழுதினால் விசாரித்துத் திறப்பார்கள். இறக்கியவரைக் கூப்பிட்டுத் திட்டுவதை விட, ஏன் அத்தனையும் தேவைப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஊருக்குப் போனால் கிடைக்காது என்ற பயம்தான் காரணமாக இருக்கும்.

"டவுன்லோட் ஆச்சு, திறக்க மாட்டேங்குது"

டவுன்லோட் கோப்புறையைத் திறந்து அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள். ஓரிரு கேபி மட்டும் இருந்து, பெயரின் கடைசியில் ஏ.சி.எஸ்.எம். என்று முடிந்தால், இறங்கியது புத்தகமே இல்லை. புத்தகத்தை எடுத்துவரச் சொல்லும் சீட்டு அது. அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் போன்ற செயலியை நிறுவி, அடோபி ஐடி ஒன்று உருவாக்கி, அதன் வழியாகத் திறந்தால்தான் உண்மையான கோப்பு வரும். இரவல் நாள் முடிந்ததும் அதுவும் பூட்டிக்கொள்ளும்.

மாணவர்களுக்கு நான் இந்த வழியைச் சொல்வதில்லை. புதிதாக ஒரு செயலி, புதிதாக ஓர் ஐடி, இன்னொரு பாஸ்வேர்டு என்று ஏறிக்கொண்டே போனால் நாளைக்கு வரமாட்டார்கள். அதே பக்கத்தில் 'அத்தியாயத்தை இறக்கு' என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பல தளங்களில் குறிப்பிட்ட பக்க எண்ணிக்கை வரை சாதாரண பி.டி.எஃப். ஆகவே எடுக்கலாம், பூட்டு இருக்காது. ஸ்பிரிங்கர், கேம்பிரிட்ஜ் தளங்களில் அத்தியாய பி.டி.எஃப். சிக்கல் இல்லாமல் இறங்கும். ஒரு யூனிட்டுக்கு ஓர் அத்தியாயம் போதும், முழுப் புத்தகமும் யாருக்கும் உடனே தேவைப்படாது.

"வேற யாரோ படிக்கிறாங்கன்னு வருது"

மின்னூலை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று நினைப்பது தவறு. ஒருவருக்கு, மூவருக்கு, அளவில்லாமல் என்று உரிமம் பல விதம். ஒருவர் உரிமம் உள்ள புத்தகத்தை 60 பேர் வகுப்புக்குப் பரிந்துரைத்தால், தேர்வுக்கு முந்தைய இரவில் 59 பேர் வாசலில் நிற்பார்கள். உடனடி வழி: படித்தவர் பக்கத்தை மூடினால் மட்டும் போதாது, வெளியேறு பொத்தானை அழுத்தவேண்டும். இல்லாவிட்டால் அவர் போன பின்னும் கொஞ்ச நேரம் அந்த இடம் அவர் பெயரிலேயே இருக்கும்.

நிரந்தர வழிக்கு, பதிப்பகம் தரும் கவுன்ட்டர் அறிக்கையில் (மின்னூல் பயன்பாட்டுக் கணக்கு) டி.ஆர்.-பி2 என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். நம்மில் பலர் எத்தனை தடவை படித்தார்கள் என்று சொல்லும் டி.ஆர்.-பி1-ஐ மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்துவிடுகிறோம். பி2 சொல்வது எத்தனை தடவை திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கு. அதில் இரண்டு வகை இருக்கும். உரிமம் இல்லாததால் திரும்பியவர்கள் ஒரு வகை, வரம்பு நிறைந்ததால் திரும்பியவர்கள் இன்னொரு வகை. முதல் எண் ஒரு புத்தகத்துக்கு அதிகமாக இருந்தால் அதை வாங்கவேண்டும். இரண்டாவது அதிகமாக இருந்தால் உரிமத்தை உயர்த்தவேண்டும். முதல்வரிடம் பட்ஜெட் கேட்கப் போகும்போது இந்த ஒரு தாளை எடுத்துப் போங்கள். பிள்ளைகள் கேட்டு வந்து கிடைக்காமல் எத்தனை தடவை திரும்பினார்கள் என்ற எண்ணிக்கையை நேரில் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்வது எளிதல்ல.

"போன செமஸ்டர்ல இருந்துச்சு, இப்ப காணோம்"

சந்தாத் தொகுப்பில் இருக்கும் நூல்கள் நமக்குச் சொந்தம் இல்லை. பதிப்பகம் நினைத்தால் எடுத்துவிடலாம். 2022 ஆகஸ்டு கடைசியில் வைலி பதிப்பகம், நூலகங்களுக்கு மின்னூல் தொகுப்பு விற்கும் புரோக்வெஸ்டின் ஒரு தொகுப்பில் இருந்து 1,300-க்கும் மேற்பட்ட நூல்களை எடுத்தது. பாடம் தொடங்கும் சமயம் என்பதால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரிய எதிர்ப்பு கிளம்பி, பிறகு சில மாதங்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் புரோக்வெஸ்டின் தாய் நிறுவனமான கிளாரிவேட், நூல்களை ஒரே தடவை காசு கொடுத்து நிரந்தரமாக வாங்கும் முறையையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. பெரிய நூலகங்களுக்கே இந்த நிலை என்றால் நாம் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

பாடத்திட்டத்தில் நேரடியாக வரும் நூலைச் சந்தாவை மட்டும் நம்பி விடாதீர்கள். நிரந்தர உரிமம் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் அச்சில் சில பிரதிகள். நம் மாணவர்கள் அதிகம் தேடும் உள்ளூர்ப் பதிப்பகங்களின் பாடநூல்கள் பல, எந்த மின்னூல் தொகுப்பிலும் கிடையாது. அவற்றுக்கு அச்சுப் பிரதிதான் வழி. அதில் தவறும் இல்லை.

கோஹா என்ற நூலக மென்பொருளில் மின்னூல் பதிவுகளை ஏற்றும்போது ஒவ்வொரு பதிவிலும் தொகுப்பின் பெயரைத் தனிப் புலத்தில் குறித்து வையுங்கள். தொகுப்பு போனால் அந்தப் பெயரைத் தேடி மொத்தமாக நீக்கிவிடலாம். இல்லையென்றால் திறக்காத இணைப்புகள் ஓபேக்கில் (நூலகத்தின் ஆன்லைன் பட்டியல்) வருஷக்கணக்கில் கிடந்து, மாணவருக்கு ஓபேக் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

"தமிழ்ல தேடினா ஒண்ணுமே வரல மேடம்"

தமிழ்த்துறை மாணவர்கள் சொல்வது இது, அவர்கள் சொல்வது நியாயம். என்-லிஸ்டில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கிலப் பதிப்பகங்களின் நூல்கள். அங்கே தமிழைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் ஆகிய மூன்றையும் நூலகப் பக்கத்தில் முதல் வரிசையில் வையுங்கள். சங்க இலக்கியம் தொடங்கி நாட்டுடைமையான நூல்கள் வரை இவற்றிலேயே பெரும்பகுதி கிடைக்கும்.

அங்கேயும் தேடி வரவில்லை என்றால், கோளாறு எழுத்தில் இருக்கலாம். 'மௌனம்' என்பதை 'மெளனம்' என்று, அதாவது ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு, அடித்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு அது வேறு, இது வேறு. கௌரவம், சௌந்தர்யம், பௌத்தம் எல்லாவற்றுக்கும் இதே கதை. உங்கள் ஓபேக்கில் 'பெளத்தம்' என்று அடித்துப் பாருங்கள். நூல்கள் வந்தால் பதிவு செய்தவர் அப்படி அடித்திருக்கிறார் என்று அர்த்தம், திருத்திவிடுங்கள். துணைக்காலுக்குப் பதில் ரகரம், எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழு என்றும் சில பதிவுகளில் இருக்கும். ஏதாவது ஒரு தலைப்பு விடாப்பிடியாகத் தேடலில் சிக்கவில்லை என்றால், அதை அழித்துவிட்டுப் புதிதாக அடித்துப் பாருங்கள்.

பி.டி.எஃப். திறக்கிறது, அதற்குள் தேடினால் எதுவும் சிக்கவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். அதற்குள் எழுத்தே கிடையாது. பத்தியைக் காப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்து வருகிறது என்றால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தது. யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, பழைய கோப்புகள்தான் இன்னும் மாறாமல் கிடக்கின்றன. ஆய்வு மாணவருக்கு மேற்கோள் எடுக்க இந்த மாற்றம் கட்டாயம் தேவைப்படும், ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுங்கள்.

"ஊருக்குப் போயிட்டா சிக்னல் இல்ல சார்"

சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்தில் இருந்து வருபவர்களுக்கு ஆன்லைனில் படிக்கும் மின்னூல் பாதிப் பயன்தான். பஸ் ஏறுவதற்கு முன் நூலக வைஃபையில் அத்தியாயத்தை இறக்கிக்கொள்ளும் பழக்கத்தை ஏற்படுத்தவேண்டும். மாலையில் நூலகத்தை மூடும் முன் ஒரு அரைமணி நேரம் அதற்கென்றே ஒதுக்கலாம். இறக்கியதைக் கோப்பு செயலிக்குள் போய், பெயர் மாற்றி, பாடத்தின் பெயரில் ஒரு கோப்புறையில் போடச் சொல்லிக்கொடுங்கள். பல பேருக்கு இறங்கிய கோப்பு எங்கே போனது என்றே தெரியாது. இபப் வடிவம் கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்லுங்கள், சின்னத் திரைக்கு ஏற்ப எழுத்து தானாக அமையும். பி.டி.எஃப். என்றால் போனைப் படுக்கவைத்துப் படிப்பது கண்ணுக்கு நல்லது.

ஓ.ஏ.பி.ஈ.என்., டி.ஓ.ஏ.பி. ஆகிய திறந்த அணுக்கத் தளங்களில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய தளங்களில், உள்ள நூல்களை முழுசாக இறக்கலாம், பென்டிரைவில் போட்டுக் கொடுக்கலாம். பெரும்பாலான நூல்களின் உரிமமே அதற்கு அனுமதிக்கிறது. பாடத்துக்குப் பொருந்தும் நூல்களை நீங்களே தேர்ந்தெடுத்து ஒரு பென்டிரைவில் தயாராக வைத்திருங்கள்.

யாரும் புகாரே சொல்வதில்லை, பயன்பாடும் இல்லை

மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் என்னைக் கவலைப்பட வைக்கும் அறிகுறி. முதலில் ஓபேக்கைப் பாருங்கள். மின்னூல்கள் அதில் இருக்கின்றனவா? மார்க் பதிவில் (பட்டியலில் ஒரு நூலின் விவரங்களைப் பதியும் வடிவம்) 856-ஆம் புலத்தில் இணைப்பு இருக்கிறதா? தனிப் பக்கத்தில் தனிப் பட்டியலாக இருந்தால் அச்சு நூலைத் தேடி வருபவர் கண்ணில் அது படவே படாது.

அப்புறம் பாடத்திட்டத்தைக் கையில் எடுங்கள். நம் கல்லூரிகளுக்குப் பெரியார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம், தாளுக்கு ஐந்து யூனிட். ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு யூனிட்டுக்கும் பொருந்தும் ஓர் அத்தியாயத்தைத் தேடி, அதன் நிரந்தர இணைப்பை ஒரே பக்கத்தில் எழுதி, பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். "லட்சக்கணக்குல நூல் இருக்கு மேடம், பாருங்க" என்றால் தலையாட்டிவிட்டுப் போவார். "உங்க மூணாவது யூனிட்டுக்கு இந்த அத்தியாயம் சரியா இருக்குமா மேடம்?" என்றால் உட்கார்ந்து படிப்பார். பொருந்தாது என்று சொன்னால் எது பொருந்தும் என்றும் அவரே சொல்வார். ஆசிரியர் வகுப்பில் பெயர் சொன்ன புத்தகத்தை மாணவர் தேடாமல் இருக்க மாட்டார். துறைக்கு ஒரு தாள் என்று தொடங்கினாலும் போதும்.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கு

அவர் போனில் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் டாக்பேக் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை என்றால், ஸ்கேன் படமாக இருக்கலாம், தளத்தின் பூட்டாகவும் இருக்கலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 2012-இல் சேர்த்த திருத்தம், இவர்களுக்காகப் படிக்கத்தக்க வடிவில் பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற, இவர்களுக்கான ஆன்லைன் நூலகத்தில் அவரை உறுப்பினராக்குங்கள். அங்கே இல்லாத பாடநூலுக்கு, தன்னார்வ மாணவர்களை வைத்து ஓ.சி.ஆர். செய்து (ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றி) பிழை திருத்திக் கொடுங்கள். தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காமல் செமஸ்டர் தொடக்கத்திலேயே இதைச் செய்யவேண்டும்.

எதிலும் தீரவில்லை என்றால்

என்-லிஸ்டின் அல்லது பதிப்பகத்தின் உதவி மையத்துக்கு எழுதும்போது "மின்னூல் வரவில்லை" என்று ஒரு வரி எழுதினால், விவரம் கேட்டுத்தான் பதில் வரும், அதற்குள் ஒரு வாரம் போய்விடும். புத்தகத்தின் பெயர், அதன் ஐ.எஸ்.பி.என்., இணைப்பு, எந்த நாள் எத்தனை மணிக்கு, யாருடைய ஐடி, வைஃபையா மொபைல் டேட்டாவா, என்ன போன், எந்தப் பிரவுசர், திரையில் வந்த வாசகத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் எழுதாதீர்கள். மாணவரின் போன் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, பதில் வரும்வரை அதே பகுதி அச்சுப் பிரதியிலோ வேறு தளத்திலோ கிடைக்கிறதா என்று தேடிக் கொடுங்கள். கோளாறு சரியானதும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள், அவராக வந்து மறுபடி பார்ப்பார் என்று இருந்துவிடாதீர்கள்.